மருந்து விரதத்தை முறிக்காது

எங்கள் மகள் தனுசியாவுக்கு அமெரிக்கப் பாலைவனத்தைக் காரில் சுற்ற வேண்டும். செம்பாறைப் பள்ளத்தாக்கு, பாறையில் செதுக்கிய சித்திரம், டைனோசரின் காலடி என்று இரண்டு வருடமாக எங்களை நச்சரித்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பது நிலவியல். கல்லைக் கண்டால் பேசுவாள், ஆளைக் கண்டால் பேசமாட்டாள். கடைசியில் என் கணவர் இரத்தினசிங்கம் தீர்ப்புச் சொன்னார்.

"அமெரிக்கா என்னத்துக்கு? எல்லாம் போர்ன்ஹொல்மிலை கிடக்கு. கப்பலேறினால் ஒண்டரை மணித்தியாலம்."

பொய் இல்லை. அந்தத் தீவில் மணல்மேடும் இருக்கிறது, பாறைச் சித்திரமும் இருக்கிறது, பிளந்த பள்ளத்தாக்கும் டைனோசர் காட்சியகமும் இருக்கின்றன. எல்லாம் சின்னச் சின்னதாக. டென்மார்க்கில் எதுதான் பெரிது?

ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் ஊரான இஷொயிலிருந்து புறப்பட்டோம். பாலத்தைக் கடந்து சுவீடனில் கப்பலேறினோம். காரை ஓட்டியது இவர்தான். தனுசியா சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம். ஆனால் இவர் கார்த் திறப்பைக் கையில் கொடுத்தால்தானே! எனக்கோ ஓட்டத் தெரியாது.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் இருபத்திரண்டு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சீனி வருத்தக்காரர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலே என் கை சட்டைப்பையில் இருக்கும் குளுக்கோஸ் வில்லைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட நான் பக்கத்து இருக்கையில் இருந்த மனிதரைக் கவனிக்கவில்லை. உபதேசம் ஊருக்குத்தான்.

இவருக்கும் சீனி வருத்தம்தான். மாத்திரை போய் இன்சுலின் ஊசி வந்து இரண்டு வருடம். காலையில் வயிற்றில் ஊசி, கையோடு சாப்பாடு. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டே போகும். முதலில் ஆள் தடுமாறும், பிறகு மயங்கும், அதற்கும் பிறகு எழும்பாது. எங்கள் வீட்டில் இது தெரியாதவர் யாரும் இல்லை.

கப்பலில் இவர் இரண்டு பணிஸ் ரொட்டியும் ஒரு துண்டு சீஸும் எடுத்து வந்தார். ஊசியோடு கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்து சிறிது நேரத்தில் தட்டு வெறுமையாக இருந்தது.

"சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம்."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பி வாங்கும் வரிசை குறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவில் இறங்கி வடக்கே ஓடினோம். அல்லிங்க என்ற ஊரில் கடல் தெரிந்ததும் இவர் காரை நிறுத்தினார். "காலை நனைச்சுப்போட்டு வாறன்" என்று தனியாக இறங்கிப் போனவர் தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். காற்று ஊசியாய்க் குத்துகிறது, இந்த வயதில் தலை நனைப்பதா என்று நான் ஏசினேன். பதில் பேசவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த மனிதர் பதில் பேசாமல் விட்ட ஏச்சு எங்கள் முப்பத்தொரு வருடத்தில் கிடையாது.

பாறைச் சித்திரம் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. வழுவழுப்பான கற்பாறையில் கப்பல்கள், சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே மனிதப் பாதங்கள். மூவாயிரம் வருடத்துப் பழசு என்று தனுசியா டெனிஷில் விளக்கினாள். அவள் எங்களோடு பேசுவது டெனிஷில்தான். நாங்கள் தமிழில் பேசுவோம். இரண்டும் எங்கள் வீட்டில் சண்டை பிடிக்காமல் இருக்கின்றன, சண்டை பிடிப்பது நாங்கள்தான்.

இவர் அந்தப் பாதங்களுக்கு முன்னால் குந்தியிருந்தார். "ஆரின்ரை கால் இது?"

"ஒருவருக்கும் தெரியாது. செத்தவர்களுடைய கால் என்றும் சிலர் சொல்கிறார்கள்" என்றாள் மகள்.

இவர் எழும்பும்போது என் தோளைப் பிடித்தார். கை சில்லென்று ஈரமாக இருந்தது. கடல் தண்ணீர் என்று நினைத்தேன்.

பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கார் இரண்டு தடவை வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. எதிரே வந்த டிராக்டர் நீளமாக ஹோர்ன் அடித்தது. தனுசியா "அப்பா!" என்று கத்தினாள். "எனக்குக் கார் ஓட்டப் படிப்பிக்கிறியோ?" என்று இவர் பாய்ந்தார். திருப்பத்தைத் தவறவிட்டதற்கும் அவளையே ஏசினார். கோபம் இவருக்குக் கூடப்பிறந்தது, அதனால் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய இல்லத்தில் ஒரு கிழவர் இப்படிக் கத்தியிருந்தால் அந்த நிமிடமே விரலில் குத்திச் சீனி பார்த்திருப்பேன்.

எக்கோடாலன் என்றால் எதிரொலிப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் காடும் பாறைச் சுவரும், நடுவில் புல்வெளி. வாகனத் தரிப்பிடத்தில் இவர் மரக்கட்டை ஒன்றில் காரை உரசி நிறுத்தினார். "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் வாறன்" என்றார். நேரம் ஒன்றரை.

நாங்கள் இறங்கி நடந்தோம். சனங்கள் பாறையைப் பார்த்துக் கூவுவதும் பாறை திருப்பிக் கூவுவதுமாக இருந்தது. கால் மணித்தியாலம் காத்திருந்தோம். இவர் வரவில்லை. இரண்டு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நான் திரும்பி நடந்தேன். தனுசியாவும் பின்னால் வந்தாள்.

காரின் கதவு திறந்து கிடந்தது. திறப்பு உள்ளேயே தொங்கியது. பெற்ற பிள்ளைக்கும் திறப்புக் கொடுக்காத மனிதர் காரைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. இவருடைய கைபேசியும் இருக்கையில் கிடந்தது.

கதவுப் பையில் கப்பல் கடதாசியில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. பிரித்தேன். இரண்டு பணிஸ், சீஸ் துண்டு. கடித்த அடையாளமே இல்லை.

குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். நான் கட்டி வைத்த சோற்றுப் பெட்டியைக் காணவில்லை. அடியில், நான் வைக்காத சின்னப் போத்தல் ஒன்று இருந்தது. உள்ளே பாவற்காயிலும் கசக்கிற காத்தோட்டிக்காய்ப் பொரியல், பாதிதான் மிச்சம். யாழ்ப்பாணத்தார் காத்தோட்டிக்காயைத் தேடிச் சமைப்பது வருடத்தில் ஒரு நாள்.

இன்றைக்கு ஆடி அமாவாசை.

தகப்பன் இல்லாத ஆண்பிள்ளை விரதம் இருந்து, கடலில் மூழ்கி, மத்தியானம் காகத்துக்குச் சோறு வைக்கிற நாள். காகம் தொட்ட பிறகுதான் அவன் வாயில் வைக்கலாம். ஈரத் தலையும், "மரக்கறி மட்டும் கட்டு" என்று நேற்றுச் சொன்னதும், பதில் வராத ஏச்சும் ஒரேயடியாக எனக்கு விளங்கின. இவருடைய அப்பா செத்தபோது இவர் டென்மார்க்கில், ஜூட்லாந்து அகதி முகாமில் இருந்தார். கடிதம் வந்து சேர இருபத்தாறு நாள். கொள்ளி வைக்காத மகன், ஒரு ஆடி அமாவாசையையும் தவறவிட்டதில்லை. ஊசி வந்த அன்று நான்தான் சட்டம் போட்டேன். "செத்த ஆளுக்காக நீங்களும் சாகப் போறியளோ? இனி இந்த வீட்டிலை விரதம் எண்ட சொல்லையே நான் கேட்கக் கூடாது." சொல்லைக் கேட்கவில்லைதான். மனிதர் சொல்லை விட்டுவிட்டு விரதத்தை வைத்திருந்திருக்கிறார்.

"தனு, கொப்பர் விடியத் துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. ஊசி மட்டும் போட்டிருக்கிறார். போன் அடி நூற்றிப் பன்னிரண்டுக்கு!"

அவள் நின்ற இடத்திலேயே அடித்தாள். அம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடமாகும் என்றார்களாம். காலை எட்டு மணிக்குப் போட்ட ஊசி. ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு. எங்கள் இல்லத்தில் இதில் பாதி நேரத்திலேயே கண் செருகிய ஆளைப் பார்த்திருக்கிறேன். என் வேலைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கும். இது விடுமுறைப் பை, வெயிலுக்குப் பூசும் கிரீம் இருந்தது. குளிர்ப்பெட்டியில் கிடந்த அப்பிள் ஜூஸ் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

"இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். பாறை என் குரலையே எனக்குத் திருப்பித் தந்தது. கூவிக்கொண்டிருந்தவர்கள் நானும் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். தனுசியா அவர்களைப் பார்த்து டெனிஷில் போட்ட சத்தத்தில் பள்ளத்தாக்கே வாயை மூடியது.

அந்த அமைதியில்தான் கேட்டது.

"கா... கா... கா..."

"காகம், அம்மா" என்றாள்.

"காகம் இல்லையடி. உன்ரை கொப்பர்."

சோறு வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிடுகிறார். சின்ன வயதில் இதைப் பார்த்தவள் தனுசியா, அவளுக்கும் விளங்கியது. சத்தம் ஒருமுறை இடப்பக்கம் வந்தது, உடனே வலப்பக்கம் வந்தது. நான் வலப்பக்கம் பாய்ந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணை மூடி நின்றாள்.

"முதல் வருவதுதான் அப்பா. பிறகு வருவது பாறை. இடப்பக்கம்!"

கல்லும் வேருமான சரிவில் ஏறினோம். "கா... கா..." குரல் கட்டிப்போயிருந்தது. பிறகு ஒரே ஒரு "கா". அதன்பிறகு ஒன்றுமில்லை. எனக்கு முழங்கால் வருத்தம், கையை ஊன்றி ஊன்றித் தவழ்ந்தேன். ஐயோ, கத்துங்கோ, இன்னும் ஒருக்கால் கத்துங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் வாயை மூடினால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்!

தனுசியாதான் கண்டாள். பெரிய மரத்துக்குப் பின்னால், தட்டையான பாறையில் சாய்ந்து கிடந்தார். முன்னால் அகலமான காட்டு இலை ஒன்று. அதில் சோறு, பருப்பு, காத்தோட்டிக்காய். ஒரு பருக்கை குறையவில்லை. சட்டை தோய்த்தெடுத்தது மாதிரி வியர்வை. கண் பாதி திறந்திருந்தது.

போத்தலை அவர் வாயில் வைத்தேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டார்.

"விழுங்குங்கோ! நான் சுசீலா சொல்லுறன், விழுங்குங்கோ!"

"காகம்..." என்றார், நாக்குப் புரளாமல். "இன்னும்... தொடேல்லை..."

ஜூஸ் தாடையால் வழிந்தது. தாடையை இழுத்துத் திறக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார். அரைவாசி உயிர் போன ஆளுக்கு எங்கிருந்துதான் அந்தப் பிடிவாதம் வந்ததோ! நான் ஏசினேன், பிறகு கெஞ்சினேன், பிறகு அழுதேன். மரங்களை அண்ணாந்து பார்த்தேன். ஒரு காகம் இல்லை. இஷொயில் குப்பைத் தொட்டிக்குத் தொட்டி நிற்கிற சனியன்கள்.

தனுசியா அவர் முன்னால் மண்டியிட்டாள். பாவற்காயைக் கண்டாலே மேசையை விட்டு எழும்புகிற பிள்ளை. இலையில் இருந்ததைக் கையால் அள்ளினாள், சோறும் காத்தோட்டிக்காயுமாக. வாயில் திணித்தாள். கண்ணில் தண்ணீர் வர மென்று விழுங்கினாள். மறுபடியும் அள்ளினாள்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ." அன்று முழுக்க அவள் பேசிய முதல் தமிழ். "ஃபாஃபாவின்ரை சோறு. நான் சாப்பிட்டிட்டன்."

ஃபாஃபா என்றால் அப்பாவின் அப்பா. அவள் கண்டிராத மனிதர்.

இவர் அவளையே பார்த்தார். கண் அவள் வாயில் ஒட்டியிருந்த பருக்கையில் நின்றது. என்ன விளங்கியதோ தெரியாது, பல் விலகியது. நான் போத்தலைச் சரித்தேன். ஒரு மிடறு. இருமினார். இன்னொரு மிடறு. எண்ணிக்கொண்டே கொடுத்தேன், வேலையில் செய்வது போல.

அம்புலன்ஸ்காரப் பெண் வந்து விரலில் குத்தும்போது ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் சீனி இரண்டு தசம் ஆறுதான், நாலுக்குக் குறையக் கூடாது. ஜூஸ் குடிக்கும் முன் ஒன்றுக்குக் கிட்ட இருந்திருக்கும் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது தெரியும். அவளுக்கு முன்னால் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி இவர் இரண்டு பணிஸையும் தின்றார்.

"ஊசியைப் போட்டுப்போட்டுப் பட்டினி கிடக்க ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"மருந்து விரதத்தை முறிக்காது எண்டு நினைச்சன்" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி. "ஊசியை விட்டால் நீ ஏசுவாய். சாப்பிட்டால் அப்பருக்கு ஆர் இருக்கினம்? ரெண்டு பேருக்கும் சரியாச் செய்ய நினைச்சன்."

சாப்பிட மறுக்கிற கிழவர்களிடம் ஏன் என்று ஆறுதலாகக் கேட்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். இவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை, சட்டம்தான் போட்டேன்.

இவர் மகளைத் தேடினார். "காத்தோட்டிக்காய் கசந்ததோ, பிள்ளை?"

"நல்லாக் கசந்தது" என்றாள்.

இவர் சிரித்தார். "காரிலை திறப்புக் கிடக்கும். நீ பின்னாலை ஓட்டிக்கொண்டு வா."

அம்புலன்ஸ் கதவைச் சாத்தினார்கள். டைனோசர் பார்க்க இனி நேரம் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "வாற வருஷம் டொக்டரிட்டைக் கேட்டு ஊசியைக் குறைப்பம். விரதச் சோறு நான் சமைப்பன். காகத்தையும் நானே கூப்பிடுவன். எனக்கு ஒளிக்கிறேல்லை. சரியோ?"

"ஓம், ஓம்" என்றார்.

இந்த முறை நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.