இரண்டு சென்டிமீட்டர் குறைவு

என் கணக்கு முதல் மாதமே சரியாக வந்துவிட்டது. அதை மறைத்த புத்திசாலி நான்தான்.

எங்கள் ஆய்வகத்தில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் பலகை தண்ணீரைத் தள்ளும். மறுமுனைச் சரிவில் அலை எவ்வளவு உயரம் ஏறுகிறதென்று, கண்ணாடியில் ஒட்டிய அளவுகோலைப் பார்த்து என் அண்ணன் எழுதுவான். பதினெட்டு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. அதே அலையைக் கம்ப்யூட்டரில் எழுப்புவது என் வேலை. 'நனையாத குளம்' என்று என்னைக் கிண்டல் செய்வான்.

இரண்டும் ஒத்துப்போனால் தொட்டியை மூடிவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். மூடினால் அண்ணன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இந்த வயதில் அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் என் கணக்கில், அலையை இழுத்துப் பிடிக்கும் தரை உராய்வுக்கான எண்ணைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். என் அலை எப்போதும் அவன் அளவைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவாகவே ஏறியது. இப்படியே நாளைக் கடத்தலாம் என்று பார்த்தேன்.

அவன் தன்னையே சந்தேகப்படுவான் என்று இந்தப் பாவிக்குத் தோன்றவே இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அளவுகோலை மாற்றினான். கண் டாக்டரிடம் போனான். கண்ணில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதையும் நம்பவில்லை. சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று அண்ணி என்னிடம்தான் வந்து புலம்பினாள். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்றுக் காலை இயக்குநர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அண்ணனின் தாள். எல்லா அளவிலும் இரண்டு சென்டிமீட்டர் கழித்து எழுதியிருந்தான். வயதாகிவிட்டது, இத்தனை நாளும் கூட்டித்தான் பார்த்திருக்கிறேன் போல என்று அவரிடம் ஒளிக்காமல் சொன்னான். இரண்டும் ஒத்துப்போனதில் இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை தொட்டியை வடித்துவிடலாம், நீயும் கையெழுத்துப் போடம்மா என்று தாளை என் பக்கம் நகர்த்தினார்.

பொய்யாலும் தொட்டி போகிறது, உண்மையைச் சொன்னாலும் போகும். நன்றாக மாட்டிக்கொண்டேன். என் வேலை போனால் போகட்டும், அவன் கண்ணையாவது அவனுக்குத் திருப்பிக் கொடுப்போம் என்று துணிந்தேன்.

"அண்ணே, உன் கண்ணுல ஒரு குறையும் இல்ல. நான்தான் வேணும்னே கணக்கை மாத்தி வச்சேன்."

அண்ணன் சிரித்தான், இயக்குநரும் சிரித்தார். அண்ணன் பேனாவைத் திறந்து என் கையில் வைத்துவிட்டு, அவரிடம் சொன்னான்:

"சின்ன வயசுலேர்ந்தே இவ இப்படித்தான் சார், என்னை விட்டுக்கொடுக்க மாட்டா. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. கணக்குல இவ தப்பே பண்ண மாட்டா."