கடைக்குட்டி அர்வில்லா

அமெரிக்காவில் எங்கள் அயோவாப் பக்கத்தில் ஒரு காலத்தில் வகுப்புக்கு இரண்டு அர்வில்லாக்கள் இருந்தார்கள். பிறகு பாவாடை நீளம் மாறுகிற மாதிரி பெயர்களும் மாறிவிட்டன. இப்போது என் பெயரைச் சொன்னால், "அது என்ன, சோப்பா?" என்று கேட்கிறார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏரிக்கரைப் பூங்காவில் அர்வில்லா என்று பெயருள்ளவர்கள் கூடிச் சாப்பிடுவோம். அதில் ஒரு சட்டம் உண்டு. வந்தவர்களில் இளையவள்தான் பாத்திரம் கழுவ வேண்டும். பத்தொன்பது வயதில் ஆரம்பித்தேன். எனக்குப் பிறகு யாருமே பெண்ணுக்கு இந்தப் பெயரை வைக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் கழுவுகிறேன்.

காகிதத் தட்டு வாங்கலாமென்றால், தொண்ணூறைத் தாண்டிய பெரிய அர்வில்லா விடமாட்டார்.

"காகிதத்துல சாப்பிட நான் என்ன ரயில்லயா போறேன்? கழுவுடி, சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணுக்கு மூட்டுவலிம்மா."

இந்த வருடம் ஏழு பேர்தான் வந்தோம். கழுவுவதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் நானே சமைத்து, நானே தின்று, நானே கழுவப் போகிறேனோ என்று நினைத்தால் பயமாக இருந்தது.

அப்போது ஓர் இளம்பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மரத்தில் நாங்கள் கட்டியிருந்த பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"இவ பேரும் அர்வில்லாதாங்க. சேத்துப்பீங்களா?"

சோளம் கடித்துக்கொண்டிருந்த வாயெல்லாம் அப்படியே நின்றது.

"எங்கேம்மா புடிச்சே இந்தப் பேர?" என்றார் பெரிய அர்வில்லா.

"கல்லறைத் தோட்டத்துல ஒரு கல்லுல பாத்தேங்க. ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"நல்லவேளை, அது நான் இல்ல!"

எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் துணி நனையாமலிருக்க மாட்டியிருந்த ஏப்ரனை நான் கழற்றிவிட்டேன். "சட்டம்னா சட்டம். இளையவ வந்தாச்சு!"

"அடிப்பாவி, அவளுக்குப் பல்லே மொளைக்கலடி!"

"கை இருக்கில்ல?"

பெரிய அர்வில்லா கொஞ்சம் யோசித்தார். "கொண்டாங்க அவள."

தாய் சிரித்துக்கொண்டே குழந்தையைச் சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பிடித்தாள். இரண்டு குட்டிக் கைகளும் தண்ணீரைப் படார் படாரென்று அடித்தன. பெரிய அர்வில்லாவின் கண்ணாடியெல்லாம் நுரை.

"கழுவியாச்சு," என்று தீர்ப்பு சொன்னவர், ஏப்ரனை என் கழுத்திலேயே திரும்ப மாட்டினார். "மிச்சத்த அக்கா பாத்துக்குவா."

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். சந்தோஷத்தில் சிரிப்புதான் வந்தது. செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் அடிப்பிடித்த தட்டுவரை முணுமுணுக்காமல் தேய்த்து முடித்தேன். கிளம்பும்போது குழந்தையின் காதில் சொன்னேன்:

"அடுத்த வருஷம் வந்துடுடி. ஒன் அளவுக்கு ஒரு ஏப்ரன் தச்சு வெக்கிறேன்."