தட்டிப் பார்த்த தரை

வைத்தியலிங்கம் வீட்டுக் கூடத்தில் வினைல் டைல்ஸ் ஒட்ட வந்த அலாவுதீன், ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டுத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுத்தியல் பிடியால் தட்டுவான். தலையைச் சாய்த்துக் கேட்பான். ஓரடி நகர்ந்து மறுபடி தட்டுவான். அடுப்படி வாசலில் நின்று அன்னபூரணி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒட்ட வந்தவனுக்கு உள்ளே இருப்பதைப் பற்றி என்ன கவலை?

மேற்கு மூலையில் அவன் நின்றான்.

"இங்க உள்ள பொக்கா இருக்குக்கா. பேத்துட்டு சிமிட்டி வச்சு அடைக்கணும். இல்லாட்டி டைல்ஸ் நிக்காது."

அது மாமியார் செல்லம்மாவின் கட்டில் கிடந்த மூலை. உப்புச் சாடிக்குள் கம்மலை ஒளிக்கிற பெண்மணி அவர். தரைக்குச் சிமெண்டு போட்டபோது பக்கத்திலேயே நின்று மேஸ்திரியை மேய்த்தவர். எழுபத்திரண்டு வயதில் அவர் கண்ணை மூடியதும் அவருடைய காசுமாலையைக் காணோம். கடைசிவரை பீத்துணி அலசியவள் அன்னபூரணி. நாத்தனார் ராசாத்தியோ பதினாறாம் நாள் பந்தியிலேயே, "வீட்டுக்குள்ள இருந்தவங்களுக்குத்தானே தெரியும்" என்று போட்டுவிட்டுப் போனாள். வரிச்சிக்குடி முழுக்க அது பரவியது. பன்னிரண்டு வருஷம் கழித்தும் கல்யாண வீடுகளில் அன்னபூரணியின் கழுத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மாலை இங்கே கிடைத்தால் அந்தப் பழி தீரும். இவன் கையில் சிக்கினால் சாகும்வரை அவள்தான் திருடி.

"இன்னைக்கு ஒண்ணும் பேக்க வேணாம் பாய். அவுங்கள கேட்டுக்குறேன்."

"சரிக்கா. நாளைக்கு ஒரு நாள் போவட்டும். நாளன்னைக்கு வர்றேன்."

உடனே ஒப்புக்கொண்டானே! புலி பதுங்குவது பாய்வதற்குத்தானே?

மறுநாள் கணவர் வைத்தியலிங்கம் காரைக்கால் பஸ் ஏறியதும் கதவைத் தாழிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். சிமெண்டு அப்பளமாக உடைந்தது. உள்ளே ஈர மணல், நத்தை ஓடு, மறுபடி மணல். மத்தியானம்வரை தோண்டினாள். அதற்குமேல் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கதான் வச்சுத் தொலைச்சீங்க அத்தே?" என்று குழியைப் பார்த்துக் கேட்டாள்.

சொன்னபடி அலாவுதீன் வந்தான். கணவரிடம் சொன்ன பொய்யையே அவனிடமும் சொன்னாள்.

"பெருச்சாளி தோண்டிருச்சு பாய்."

அவன் குழியைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அண்டா எறங்குற குழியை எந்தப் பெருச்சாளிக்கா தோண்டும்? நான் தட்டிட்டுப் போனா முக்காவாசி ஊட்டுல இப்புடி ஒரு குழி இருக்கும். அதுக்குத்தான் ஒரு நாள் விட்டு வர்றது. நீங்களே தோண்டிப் பாத்துட்டா, அப்பறம் நான் எடுத்துட்டேன்னு யாரும் சொல்ல முடியாது பாருங்க."

இந்தச் சூதானம் மாமியார் போன அன்றைக்குத் தனக்கு இல்லாமல் போயிற்றே என்றுதான் அன்னபூரணி முதலில் நினைத்தாள். ராசாத்தி பார்த்த பார்வையால்தான் தானும் இவனைப் பார்த்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிமெண்டு குழைக்கத் தண்ணீர் கேட்டான். வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க பாருங்க பாய். எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

அவனையும் குழியையும் கூடத்தில் தனியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.