செனகலுக்கு ரோகிணி நட்சத்திரம்

...ரோகிணி என்று சொல்லியிருக்கவே கூடாதோ, சாமி பேருக்கே பண்ணிவிடுங்கள் என்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை, குருக்களே கேட்டாரே, நட்சத்திரம் தெரியலைன்னா சாமி பேருக்குப் பண்ணிடட்டுமாம்மா என்று, இவள்தான் பெரிய இவளாட்டம் வேண்டாம் என்று தலையாட்டினாள், பௌர்ணமிக்கு முன்னாலேயே வெளியூர்க் கிரிவலக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது, பின்னாலிருந்து வரிசை நெட்டித் தள்ளுகிறது, அந்த அவசரத்தில் வாயில் வந்தது அவளுடைய சொந்த நட்சத்திரம். ரோகிணி நக்ஷத்ரே, ரிஷப ராசௌ, செனகல் நாமதேயஸ்ய... குருக்கள் ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டு, "கொழந்தையாம்மா? பேரு புதுசா கீதே" என்றார். "ஆமாங்க" என்றாள் சிந்துஜா. வேறென்ன சொல்வது, ஆப்பிரிக்காவுல ஒரு நாடுங்க, இன்னைக்கு சாயந்தரம் துருக்கியோட கால்பந்து ஆடுதுங்க, உலகக் கோப்பைல கால் இறுதிங்க என்று பிள்ளையார் சன்னதியில் நின்று விளக்கவா முடியும்? நேரே இங்கே வந்துவிட்டாள், தேரடி வீதியில் அய்யூப் பாயின் பிரவுசிங் சென்டருக்கு, மூன்றாவது தடுப்புக்குள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பைக்குள் தேங்காய் மூடியிலிருந்து தண்ணீர் கசிந்து பத்தாம் வகுப்பு சி பிரிவின் கணக்குத் தாள்களை நனைக்கிறது, நனையட்டும், அந்தத் தாள்களில் நனைந்து கெடுவதற்கு ஒன்றும் இல்லை. திரையில் பக்கம் மேலிருந்து கீழே மெல்ல மெல்லத் திறக்கிறது, இன்னும் யாரும் கோல் போடவில்லை, அப்பாடா... ஆனால் அந்த அர்ச்சனை யார் கணக்கில் சேரும், பெயர் செனகலுடையது, நட்சத்திரம் இவளுடையது, ஒரு சமன்பாட்டின் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால் சிவப்பு மையால் சுழிக்கிறவள் அல்லவா இவள்?

கால்பந்து என்றால் என்னவென்று ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் பி.டி. மாஸ்டரைக் கைகாட்டியிருப்பாள். உலகக் கோப்பை தொடங்கிய அன்றைக்குத் தங்கை பையனுக்கு என்ஜினீயரிங் காலேஜ் விவரம் பார்க்கத்தான் இங்கே வந்தாள், அந்தப் பக்கம் திறக்க மறுத்தது, வேறொரு பக்கம் தானாக வந்து நின்றது, செனகல் என்று, இவள் பெயரே கேள்விப்படாத ஒரு நாடு, போன தடவை கோப்பையைத் தூக்கிய பிரான்ஸை ஜெயித்துவிட்டது என்று. அட, கடைசி பெஞ்ச் பையன் சென்டம் வாங்கினால் வருமே, அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு அரட்டைக் குழு, பாரிஸில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் இப்ரா என்ற செனகல்காரர் நடத்துவது, சபாஷ் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதினாள், அவ்வளவுதான், யாரம்மா நீ, எந்த ஊர், அங்கே இப்போது மணி என்ன, மழையா வெயிலா என்று பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து வினாத்தாள் டைப் அடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாள், எத்தனை வினாத்தாள் அடிப்பாள் ஒரு டீச்சர், அதைக் கேட்கக்கூடக் கணவர் பலராமனுக்குத் தோன்றவில்லை. நல்ல மனுஷர்தான், உரக்கடையிலிருந்து வந்ததும் சாப்ட்டியா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்றால் டி.வி. பக்கம் திரும்பிவிடுவார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செனகலின் தலைநகர் டக்காரில் நர்ஸாக இருக்கும் மரியாமா, நேத்து மாவு புளிச்சுப்போச்சுன்னியே, அப்புறம் என்ன பண்ணினே, என்று கேட்கிறாள்! ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன கலரில் புடவை கட்டினாள், இவளை எதற்காகத் திட்டினாள், எல்லாம் அங்கே தெரியும். மரியாமாவின் சின்னப் பையனுக்கு இருமல் என்றால் இங்கே இவளுக்குக் கவலை, துளசியும் கற்பூரவல்லியும் அந்த ஊரில் கிடைக்குமா?

நட்சத்திர வம்புகூட மரியாமாவால் வந்ததுதான். செனகலுக்கு அர்ச்சனை பண்ணலாம் என்று முடிவெடுத்த பிறகு, யாருடைய நட்சத்திரத்தைச் சொல்வது என்று பெரிய யோசனை, பதினோரு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் குருக்கள் மணியால் அடிப்பார், சரி, எல்லோருக்கும் பொதுவாக மரியாமா இருக்கட்டும் என்று, உன் பிறந்த தேதி, நேரம், இடம் மூன்றையும் உடனே அனுப்பு என்று எழுதினாள். குழுவே சிரித்து உருண்டது, மாப்பிள்ளை பார்க்கிறாயா, எனக்கும் பார், என்று ஆளாளுக்கு, இப்ரா தன் இடுப்பளவையும் சேர்த்து அனுப்பினார். மரியாமாவோ, புதன்கிழமை, மாடு வீடு திரும்பும் நேரம், அதற்கு மேல் என் அம்மாவுக்குத் தெரியாது என்றாள். மாடு திரும்பும் நேரத்தை வைத்து எந்தப் பஞ்சாங்கத்தில் தேடுவது... சிந்துஜா தனியாகச் சிரித்துக்கொண்டாள், பக்கத்துத் தடுப்பில் ஜாதகம் அச்சடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். சிரிப்பெல்லாம் சரி, இப்ரா நேற்று எழுதியதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, நம்ம பையன்கள் ஆடும்வரைக்கும்தான் இந்தக் குழு, தோற்ற அன்றே கதவைச் சாத்திவிடுவேன், கடையைக் கவனிக்கவில்லை என்று மனைவி கரண்டியை எடுத்துவிட்டாள், என்று. செனகல் தோற்றால் மரியாமா இல்லை. மரியாமாவிடம் வேறு விலாசம் கிடையாது, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக வந்து போகிறவள். கடவுளே, ஜெயிக்கட்டும், ஒரு கோல், ஒன்றே ஒன்று... இப்போது யோசித்தால், பிள்ளையாரிடம் செனகலுக்காகத்தான் கேட்டாளா?

தொண்ணூறு நிமிஷமும் முடிந்தது, கோலே இல்லை, கூடுதல் நேரம். தங்க கோல் விதி என்று இப்ரா விளக்குகிறார், இனிமேல் யார் முதலில் ஒரு கோல் போட்டாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது, மறு பேச்சே இல்லை. "எக்ஸ்ட்ரா டைமா டீச்சர்? போடட்டும், போடட்டும், நமக்கும் யாவாரம்" என்றார் அய்யூப் பாய். குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள், மரியாமா எழுதுகிறாள், வார்டில் நோயாளிகளெல்லாம் என் பின்னால் வந்து நிற்கிறார்கள், ஒருத்தர் சலைன் பாட்டிலையே கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், சிந்து, நீ இருக்கிறாயா, சிந்து... இருக்கேன் என்று அடிக்கப் போனாள், எழுத்து ஏறவில்லை, திரை அப்படியே உறைந்துவிட்டது, மோடம் கீச்சென்று கத்தி அடங்கியது.

"பாய், லைன் கட்டாயிடுச்சு!" "மேல எடுத்துட்டா டீச்சர், நம்ம வீட்டுக்கும் இதே லைன்தான்." அய்யூப் பாய் படிக்கட்டுக்குக் கீழே நின்று கையைக் குவித்துக் கத்தினார், "ஏ குர்ஷித், போனை வையி, இங்க ஆளுங்க கீறாங்க!" மேலேயிருந்து குர்ஷித் பேகம் விடவில்லை, "வேலூர்ல எங்கக்காவுக்கு ஜுரம் ஜாஸ்தி, ரெண்டு வார்த்த பேசக்கூடாதா? ஒனக்கு டப்பா, எனக்கு அக்கா!" சிந்துஜா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா, சேச்சே, அக்காவுக்கு ஜுரமாம்... அந்த நேரம் பார்த்துத்தான் எதிர் டீக்கடை டி.வி. முன்னால் ஓவென்று கத்தல், ஒரு விசில், யாரோ பெஞ்சைத் தட்டுகிறார்கள். கோல். யாரோ போட்டுவிட்டார்கள். முடிந்தது. யார் போட்டது? டீக்கடைக்காரர்களை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, யார் போட்டாலும் கத்துவார்கள், அவர்களுக்கு துருக்கியும் ஒன்றுதான் செனகலும் ஒன்றுதான். நாலு எட்டு வைத்து ரோட்டைத் தாண்டி, யாருங்க ஜெயிச்சது என்று கேட்டால் தெரிந்துவிடும். கேட்டால் என்ன? திரையைப் பார்த்தாள், அங்கே இன்னும் கோல் இல்லை, சலைன் பாட்டில்காரர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், சிந்து நீ இருக்கிறாயா என்று மரியாமா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இப்ராவின் கதவு திறந்தே இருக்கிறது... தோற்றிருந்தால் இன்றோடு சரி, ஜெயித்திருந்தால் மட்டும் என்ன, அடுத்த ஆட்டம் புதன்கிழமை, அப்போதும் இப்படித்தான் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பாளா? அவளுக்குத் திடுக்கென்றது, கூடவே சிரிப்பும் வந்தது.

அய்யூப் பாய் படியேறிப் போய்விட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தார். "வெச்சுட்டா டீச்சர், மூஞ்சியத் தூக்கி வெச்சினு கீறா. லைன் ஃப்ரீ. போடட்டா?"

"இருங்க பாய்." சிந்துஜா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அவங்க பாவம், அக்காகிட்ட முழுசாப் பேசக்கூட இல்ல. இன்னொரு தபா போட்டுப் பேசச் சொல்லுங்க... மெதுவாவே பேசட்டும்."