முதல் முறைக்காரர்

சென்னையில் இரண்டு கம்பெனிகள் என்னை இழந்தும் நன்றாகவே நடக்கின்றன. அதனால் வலங்கைமான் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பி, குறிப்பைப் புரோகிராமாக மாற்றும் கருவி ஒன்றைச் செய்தேன். தலைப்பை எழுதி, அதற்குரியதை அதன்கீழ் சற்று உள்தள்ளி எழுதினால் போதும். கருவி அதை ஓடும் புரோகிராமாக்கிவிடும். புரிந்துகொள்வது அதன் வேலையில்லை. அந்த வகையில் என்னைப்போல.

முதல் வாடிக்கையாளர் பாசன சங்கத் தலைவர் சாரங்கபாணி. வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை நோட்டில் பிசிறில்லாமல் எழுதியிருந்தார். முறை வந்தவரின் போனுக்கு 'மடையைத் திறக்கவும்' என்றும், முடிந்ததும் 'மூடவும்' என்றும் செய்தி போகவேண்டும்.

வாய்க்காலின் கடைசி வயல் அம்சம் அக்காவுடையது. நோட்டைப் பார்க்க என்னிடம் வந்தார்.

"எனக்கு ரெண்டு மணி நேரம் போட்ருக்கு. தண்ணி எங்கிட்ட வந்து சேரவே மூணு மணி நேரம் ஆவும் தம்பி. கதிரு பால் புடிக்கிற நேரம். வியாழக்கெழமைக்குள்ள நனையலன்னா அத்தனையும் பதருதான்."

"நோட்டுல அப்படித்தான் இருக்குக்கா."

"நோட்டு வயல்ல எறங்கியிருக்கா?"

பதில் தெரியாதபோது நான் ஏதாவது பட்டனை அமுக்குவேன். அமுக்கினேன்.

புதன் காலை ஆறு மணிக்குப் புரோகிராம் ஓடத் தொடங்கியது. பதினோரு மணிக்குச் சாரங்கபாணி வந்து நின்றார்.

"மொத முறை என்னுது. ஒரு மெசேஜையும் காணோம்?"

திறந்து பார்த்தேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முறை பெற்றிருந்தவர் பெயர்: உ.

நோட்டின் தலையில் அவர் போட்டிருந்த பிள்ளையார் சுழி. கருவி அதையும் ஒரு விவசாயியாக எடுத்துக்கொண்டுவிட்டது. நேரம் குறிக்காதவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்திருந்தது நான்தான். போன் நம்பர் இல்லாததால் செய்தி போகவில்லை. யாரும் மடையைத் திறக்கவில்லை.

"அப்ப தண்ணி?"

ஓடினோம். தண்ணீர் நிறைந்த தன் வயலில் அம்சம் அக்கா முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். அவருடைய மடை எப்போதும் திறந்தேதான் கிடக்கும். மூடும் அளவுக்குத் தண்ணீர் வந்ததில்லை.

மாலையில் சங்கம் கூடியது. தவறு என்னுடையது என்றேன். எனக்குப் பழக்கமான வாக்கியம். "ஒரு வரிதாங்க. எடுக்கச் சொன்னா எடுத்துடறேன்."

யாரும் சொல்லாமலே எடுக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"புள்ளையாருக்குக் குடுத்த தண்ணிய நிறுத்துன்னு என் வாயால சொல்லணுமா?"

வாய்க்காலின் நடுவில் வயல் வைத்திருக்கும் சலாஹுதீன் பாயிடம் கேட்டேன்.

"நான் சொன்னா நல்லாவாங்க இருக்கும்?"

"புள்ளையாரு தண்ணிய நான் பத்திரமா பாத்துக்கறேன்" என்றார் அம்சம் அக்கா, பின்வரிசையிலிருந்து. முகத்தில் சிரிப்பே இல்லை.

சாரங்கபாணி புது நோட்டை எடுத்தார். முதல் வரியில் 'உ - ஆறு மணி நேரம்' என்று எழுதினார். பிறகு பழக்கதோஷத்தில் அதற்கு மேலே இன்னொரு பிள்ளையார் சுழி போட்டார்.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"அதுக்கும் ஒரு ஆறு மணி நேரம் உண்டா தம்பி?"