ஒரு கரண்டி எண்ணெய், ஒரு முழு அவகாடோ

1

இந்தக் கதை முதலில் ஓர் அட்டவணையாக இருந்தது. ஒரு பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்துக்காகச் சமையல் எண்ணெயையும் அவகாடோவையும் சத்தில் ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார்கள். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருப்பார்கள். பத்து நிமிடம் ஆனது.

நூறு கிராம் எண்ணெயில் கொழுப்பு நூறு கிராம். ஏறக்குறையத் தொள்ளாயிரம் கலோரி. நார்ச்சத்து கிடையாது, கொஞ்சம் வைட்டமின் ஈ உண்டு. நூறு கிராம் அவகாடோவில் கொழுப்பு பதினைந்து கிராம்தான். நூற்று அறுபது கலோரி, ஏழு கிராம் நார்ச்சத்து, தாராளமாகப் பொட்டாசியம், மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். அவகாடோ ஜெயித்துவிட்டது. கட்டுரை முடிந்தது.

அனுப்பப் போகும்போது ஒரு சந்தேகம் வந்தது. நூறு கிராம் எண்ணெயை யார் குடிக்கிறார்கள்? இதற்குப் பதில் சொல்ல ஓர் அடுப்பு தேவைப்பட்டது. அடுப்பை எழுதியதும் அதன் முன்னால் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். அக்கா.*

(* என் சொந்த அக்காதான். கதையில் வரும் தங்கை நான். "நான்" என்று எழுதினால் கை கூசுகிறது. அதனால் என்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி எழுதுகிறேன்.)

2

தொடக்கங்கள்.

"கொழுப்பு என்பது ஒரு..." [வேண்டாம். இது பாடப் புத்தகம்.]

"அந்த வீட்டில் எண்ணெய் இறந்துபோன அன்று..." [ரொம்ப நாடகமாடுகிறது.]

சரி, இப்படி வைத்துக்கொள்வோம்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் அப்படித்தான் என்பார் அத்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸோடு புழங்குபவர் சாப்பாட்டில் மட்டும் எண்ணெய் கூடாது என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கு மாரடைப்பு. இரண்டே வயது மூத்தவர். அத்தான் மருத்துவமனை வராந்தாவில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, எண்ணெய் டின்னைப் பரண்மேல் ஏற்றினார். மறுநாள் ஒரு பை நிறைய அவகாடோ வந்தது.

"இதுல கொழுப்பு இல்லையாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"இது பழம்மா. பழத்துல எங்கேயாவது கொழுப்பு இருக்குமா?"

"பேரே வெண்ணெய்ப்பழம்னுதானே சொல்றாங்க?"

"பேர்ல என்ன இருக்கு? உன்னைக்கூடத்தான் ஊர்ல எல்லாரும் சாதுன்னு சொல்றாங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு முழுப் பழம். அவரே வெட்டி, மிளகுத்தூள் தூவி, அதில் ஒரு துண்டை அக்காவின் தட்டிலும் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சமையலறையில் கத்தியைத் தொட்டது இதற்குத்தான். அக்காவுக்கு அந்தப் பழத்தின் வழவழப்பு பிடிக்காது. ஆனாலும் சாப்பிட்டாள்.

3

[இந்தப் பகுதியில் வரும் எதையும் நான் பார்க்கவில்லை.]

எண்ணெய் இல்லாமல் செய்த காயை முதல் வாரம் அத்தான் மென்றுகொண்டே இருந்தார். விழுங்கவில்லை. பாதித் தட்டோடு எழுந்துபோனார். இளைத்தார். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அக்கா தூங்குவதுபோல் படுத்திருந்தாள்.

அப்புறம் ஒருநாள் அக்கா சட்டியைச் சூடாக்கி, வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டாள். புட்டியை எங்கே ஒளித்திருப்பாள்? பயிற்சி வண்டியின் டிக்கியில், இன்ஜின் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் என்று எழுதிவைக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அன்று அத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "பாத்தியா? எண்ணெய் இல்லாமலே என்ன ருசி! நாக்கு பழகிடுச்சு."

"ஆமாங்க. பழகிடுச்சு," என்றாள் அக்கா.

அன்றைக்கு அவர் விடியும்வரை தூங்கினார்.

[இந்த அக்காவை நம்பலாமா என்று தெரியவில்லை. பாசத்தால் ஊற்றினாளா, பிடிவாதத்தால் ஊற்றினாளா? தன் சமையலை ஒருவர் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் சும்மா இருக்கிறவள் இல்லை அவள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகிறது.]

4

இனி வருவது நடந்தது.

போன வாரம் தங்கையின் பரிசோதனைக் கூடத்து வாசலில் அத்தான் வந்து நின்றார். கையில் மூடி போட்ட டப்பா.

"விஞ்ஞானி! உங்க அக்கா செஞ்ச காய். இதுல எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லு."

"எதுக்கு அத்தான்?"

"பூஜ்யம்னுதான் வரும், எனக்குத் தெரியும். அண்ணன் நம்ப மாட்டேங்கிறாரு. டாக்டர் அவருக்குச் சொட்டுக்கூட அளந்துதான் சொல்லியிருக்காரு. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா, அடுத்த வாரத்திலேருந்து அவருக்கும் நம்ம வீட்டுச் சாப்பாடுதான்."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. ரிசல்ட்டோட சொல்லி அசத்தணும்."

தங்கை காயை உலர்த்தி, அரைத்து, அதிலிருந்து கொழுப்பைக் கரைத்து எடுத்தாள். கரைப்பான் ஆவியானதும் கண்ணாடிக் குடுவையின் அடியில் ஒன்றும் இருக்கக் கூடாது. காயின் இயல்பான கொழுப்பு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அங்கே மஞ்சளாக ஒரு வட்டம் பளபளத்தது. குடுவையை வெளிச்சத்தில் சாய்த்தாள். வட்டம் மெதுவாக நகர்ந்தது.

நூறு கிராம் காயில் மூன்று கிராம் கொழுப்பு. அத்தான் ஒரு வேளை சாப்பிடும் காயில் நாலரை கிராம். அவர் காலையில் வெட்டும் முழுப் பழத்தில் முப்பது.

கொழுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், அக்கா ஊற்றியது பழத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. [வேறு எதை வைத்துப் பார்ப்பது என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.]

5

முடிவுகள்.

(அ) தங்கை "பூஜ்யம்" என்கிறாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்கு டப்பா போகிறது. டாக்டர் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்தவருக்கு அளக்காத கரண்டி. இந்த முடிவை நான் எழுத முடியாது.

(ஆ) தங்கை உண்மையைச் சொல்லி, கூடவே பழத்தின் கணக்கையும் சொல்கிறாள். "பயப்பட ஒண்ணுமில்ல அத்தான், உங்க பழத்துலதான் ஜாஸ்தி." விஞ்ஞானப்படி சரி. ஆனால் அவர் அன்றைக்குப் பழத்தையும் ஒதுக்கிவிடுவார், காயையும் ஒதுக்கிவிடுவார். அப்புறம் அக்கா பரிமாறும் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி மறுபடியும் எழுந்து உட்கார்வார்.

(இ) அத்தானுக்கு முன்பே தெரியும். தட்டு கழுவும்போது விரலில் ஒட்டிய பிசுக்கை ஒரு மெக்கானிக்கின் கை அறியாதா? தெரிந்தும் மனைவிக்காகச் சும்மா இருந்தார். ஆகா! [இல்லை. தெரிந்தவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். எனக்கு அழ வசதியாக இருக்கும் என்பதற்காக அவரைப் புத்திசாலியாக்கக் கூடாது.]

"அப்போது அக்கா சொன்னாள்..." [என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்தேன். என்ன எழுதினாலும் அது என் குரலாகவே இருக்கிறது.]

6

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது வழக்கம். எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமான வழக்கம். நானும் விடுகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் இல்லை.

அக்கா, பத்திரிகைக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் உனக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, உனக்குத்தான் என்னைத் தெரியுமே. மூன்றாம் பகுதியில் புட்டி, டிக்கி, வாசலை எட்டிப் பார்த்தது எல்லாம் என் கற்பனை. தப்பாக இருந்தால் அடித்துவிட்டு எழுது. குடுவையில் இருந்த மஞ்சள் வட்டம் மட்டும் கற்பனை இல்லை.

அதில் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியும். ஏன் என்று உன்னால்தான் முடியும். நான் முதலில் சொன்னால் அவர் காதில் எண் மட்டும்தான் விழும்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து ரிசல்ட் சொல்கிறேன் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எட்டு மணிக்கு உட்கார்ந்துவிடுவார்.

நான் எட்டரைக்கு வருகிறேன்.