அடையவளஞ்சான் தெருவில் பச்சைப் புள்ளிகள்

மச்சானிடம் காரை இரவல் கேட்பதா வேண்டாமா என்று ஆசீர் ஒரு வாரமாகத் தடுமாறினான். மச்சான் அடைக்கலராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் புதுக் கார் வந்ததிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். தென்னூரில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் அந்த வெள்ளைக் காரில் ஏறுகிறவர்கள் செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். சீட்டில் கம்பெனி மாட்டி அனுப்பிய பாலித்தீன் உறையை யாரும் தொடக் கூடாது. பங்குச்சாமியார் காரை மந்திரிக்க வந்த அன்று, அவர் தீர்த்தம் தெளிக்கத் தெளிக்க அடைக்கலராஜ் பின்னாலேயே மஞ்சள் துணியோடு போய் ஒவ்வொரு சொட்டாகத் துடைத்தார். காய்ந்தால் தடம் விழுமாம். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனாலும் கேட்க வேண்டியிருந்தது. ஆசீரின் பழைய மேலதிகாரி ரெங்கராஜுக்கு ஸ்ரீரங்கத்தில் அறுபதாம் கல்யாணம். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்ட முடியாது என்று மனைவி ஜாஸ்லின் சொல்லிவிட்டாள். அவளே அண்ணனிடம் போய்ச் சாவியை வாங்கி வந்தாள். "வண்டி எப்படிப் போகுதோ அப்படியே வரணும்னு மாப்ளகிட்ட சொல்லு" என்று மட்டும் அடைக்கலராஜ் சொல்லி அனுப்பியிருந்தார்.

அடையவளஞ்சான் தெருவில், ரெங்கராஜ் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆசீர் காரை நிறுத்தினான். தாலி கட்டி முடிந்து, அக்காரவடிசிலோடு சாப்பாடும் முடிந்து, வெற்றிலையை மென்றுகொண்டே இருவரும் வெளியே வந்தார்கள். வேப்பமரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. ஆசீருக்கு மெல்லுவது நின்றுபோனது.

பானெட், கதவு, கூரை, எல்லா இடத்திலும் பச்சைப் புள்ளிகள். சில கடுகு மாதிரி, சில மிளகு மாதிரி. கையை வைத்துப் பார்த்தான். உப்புத்தாளைத் தடவியதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து வீட்டு மாடியில் சாரம் கட்டியிருந்தது. பால்கனிக் கம்பிகளில் பாதி பச்சை, பாதி துரு.

"ஸ்ப்ரே பெயின்ட்" என்றான் ஆசீர். அந்தக் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அதுக்குள்ளயா காஞ்சிருச்சு?" என்றாள் ஜாஸ்லின்.

"வெயில் அப்படி அடிக்குது."

பதற்றத்தில் சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினான். 'கீக்' என்று சத்தம் கேட்டது. கதவைத் திறக்கப் போனவன், கைப்பிடியிலும் புள்ளிகளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தென்னூரில் கார் சாமான்கள் விற்கும் கலீலுக்குப் போன் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் கலீல் பதறினார். "நகத்தால சுரண்டிராதீங்க சார். தின்னர் கின்னர் எதையும் வெச்சிராதீங்க, புள்ளியோட சேர்ந்து வண்டி கலரும் வந்துரும். கிளே பார்னு ஒண்ணு இருக்கு, பிசைஞ்ச களிமண்ணு மாதிரி. முதல்ல ஷாம்புத் தண்ணி ஊத்திக் கழுவுங்க. அப்புறம் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அந்தக் கட்டிய மெதுவா வழுக்கி விடுங்க. வட்டமாத் தேய்க்காதீங்க, நேரா. புள்ளி கட்டியில ஒட்டிக்கிட்டு வந்துரும். கட்டி கீழ விழுந்துட்டா மட்டும் மறுபடி எடுக்காதீங்க, மண்ணு ஒட்டிக் கீறல் போடும்."

ஆசீர் ஆட்டோ பிடித்துத் திருவானைக்காவலுக்குப் போய் அந்தக் கட்டியை வாங்கி வந்தான். காரை எடுத்துக்கொண்டு போக அவனுக்குத் தைரியமில்லை. வழியில் தெரிந்தவர் யாராவது பார்த்து மச்சானுக்குச் சொல்லிவிட்டால்? அதற்குள் ஜாஸ்லின் கல்யாண வீட்டிலிருந்து இரண்டு வாளிகளும் துணியும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒரு வாளியில் சாம்பார் வாசனை போகவே இல்லை.

புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கழுவினாள். ஆசீர் கட்டியைத் தட்டையாகப் பிசைந்து பானெட்டின் மேல் வழுக்கினான். முதலில் கரகரவென்றது. நாலைந்து தடவை போனதும் சத்தம் குறைந்தது. பிறகு கட்டி கண்ணாடிமேல் போவதுபோல் போனது. எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கட்டியில் பச்சைப் பொட்டுகள், பானெட்டில் ஒன்றுமில்லை.

"வருதுடி!" என்று அவன் கத்தியதில் வேப்பமரத்திலிருந்து இரண்டு காக்கைகள் எழுந்து போயின.

அதன்பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. கதவு, கூரை, கண்ணாடி ஓரம், கைப்பிடியின் அடிப்பக்கம் வரை போனான். சக்கரத்துக்கு மேலே மூலையில் ஒளிந்திருந்த ஒரு புள்ளிக்காகப் பட்டு வேட்டியோடு தெருவில் படுத்தான். கடைசியில் இருவரும் தள்ளி நின்று பார்த்தபோது கார் அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஆசீரின் கண் கலங்கிவிட்டது.

"போலாம்" என்று பொத்தானை அழுத்தினான். 'கீக்' என்றது. கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடியும் 'கீக்'. இந்தத் தடவை அவன் காதில் விழுந்தது, சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

ஜாஸ்லின் பக்கவாட்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். முன்கண்ணாடியை அட்டை வைத்து மறைத்திருந்ததால் அதுவரை யாரும் உள்ளே பார்த்திருக்கவில்லை.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "அண்ணன் எப்போலேர்ந்து பெருமாள் படம் வெச்சிருக்காரு?"

பந்தல்காரரின் மினி லாரி ஒன்று கொஞ்சம் தள்ளி நின்றது. அதன் மறைவில், ஜெபமாலை தொங்க, ஒரு தூசி கூடப் படாமல், இதே மாடலில், மச்சானின் கார் நின்றுகொண்டிருந்தது.

ஆசீருக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரிவதற்குள் மரத்தடி வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்டது.

"நிறுத்துங்கோ! என்ன காரியம் பண்ணிண்டிருக்கேள்?"

மடிசார் கட்டிய ஓர் அம்மாள், சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்கம் கலைந்த முகத்தோடு படியிறங்கி வந்தார். ஆனந்தவள்ளி என்று பெயர். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"அம்மா, மன்னிச்சுக்குங்க," என்றாள் ஜாஸ்லின். "எங்க வண்டின்னு நினைச்சு உங்க வண்டியத் தொடச்சுட்டோம்."

"தொடைச்சுட்டேளா? மொத்தமாவா?"

"ஒரு புள்ளி பாக்கி இல்லைங்க" என்றான் ஆசீர். அந்த நிலையிலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆனந்தவள்ளி அம்மாள் காரைச் சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார். பிறகு வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "அத்தனையும் சாட்சியாச்சே! மாசக்கணக்கா தூசி மட்டும் தட்டி, ஒரு சொட்டு ஜலம் படாம காப்பாத்திண்டு வந்தேனே! மழை பெய்தா வாசல்ல குடையோட நின்னேனே!"

பக்கத்து வீட்டுக்காரர் பெரியண்ணனுக்கும் அவருக்கும் வழக்கு. பெரியண்ணன் வீட்டுக் கம்பிக்கு அடித்த பச்சைதான் தன் கார்மேல் விழுந்தது என்று அவர் சொல்ல, இல்லவே இல்லை என்று பெரியண்ணன் சொல்ல, பெயின்ட் வேலையே பாதியில் நின்றுபோயிருந்தது. அன்று சாயங்காலம் தெருச் சங்கத் தலைவர் புள்ளிகளை நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. தலைவர் வேறு யாருமில்லை, ரெங்கராஜ்தான். அறுபதாம் கல்யாணத்துக்காகக்கூட அவர் தேதியை மாற்றவில்லை.

சத்தம் கேட்டுப் பெரியண்ணனும் வந்துவிட்டார். ஜீயபுரத்தில் வாழைத் தோட்டமும் இங்கே வீடுமாக இருக்கும் பெரிய உடம்புக்காரர். காரைப் பார்த்ததும் அவர் முகம் தீபாவளி மாதிரி ஆனது.

"அடடா! பளிங்கு மாதிரில்ல இருக்கு! எங்கம்மா புள்ளி? காட்டுங்க பாப்போம்." ஆசீரின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, நீங்க யாரு பெத்த புள்ளையோ. ஒரு தார் பூவன் தரேன், எடுத்துட்டுப் போங்க."

"உங்க பெயின்ட்தான்னு ஊருக்கே தெரியும்!" என்றார் ஆனந்தவள்ளி அம்மாள்.

"அது கிளி எச்சம்னு நான் அன்னைக்கே சொல்லிட்டேன். வேப்பம்பழம் திங்க கிளி வருது. கிளி பச்சை. அது போடறது வேற என்ன கலர்ல இருக்கும்?"

அந்த நேரத்தில் ரெங்கராஜ் வந்தார். கழுத்தில் கல்யாண மாலை அப்படியே இருந்தது. பின்னால் அவர் மனைவியும் மாலையோடு வந்து நின்றார். நடந்ததைக் கேட்டு ரெங்கராஜ் ஆசீரை ஒரு பார்வை பார்த்தார். ஆபீசில் ஃபைல் தொலைந்தபோதெல்லாம் ஆசீர் வாங்கிய அதே பார்வை.

"சார், சாட்சி இதுல இருக்கு" என்று ஜாஸ்லின் களிமண் கட்டியை நீட்டினாள். கட்டி முழுக்கப் பச்சை ஓடியிருந்தது.

ரெங்கராஜ் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "ஷாம்பு வாசனைதான் வருது. கொஞ்சம் சாம்பாரும்."

"கட்டியில கிளி எச்சமும்தானே ஒட்டும்?" என்றார் பெரியண்ணன்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரெங்கராஜ் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். அதே கம்பிக்கு அதே பெயின்ட்டை அதே மாதிரி அடித்துக் காட்ட வேண்டும். கார் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புள்ளி விழுந்தால் அம்மாள் பக்கம் நியாயம். விழாவிட்டால் கிளி.

"விழட்டும்!" என்று ஆனந்தவள்ளி அம்மாள் கோயில் கோபுரம் இருந்த பக்கம் கையைக் கூப்பினார். "ரெங்கா, ஒரே ஒரு புள்ளியாவது விழப்பண்ணு!"

ஆசீர் காரைப் பார்த்தான். அரும்பாடுபட்டுத் துடைத்த பானெட். அதில் ஒன்றும் விழக்கூடாது என்று அவன் மனதுக்குள் மாதாவிடம் வேண்டிக்கொண்டான். அவனுக்கும் அந்தக் காருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அப்போது அவனுக்கு நினைவில்லை.

பெயின்டருக்கு ஆள் போனது. அவர் வந்து மெஷினைப் பூட்டுவதற்குள் பந்தல்காரர் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டு மினி லாரியை எடுத்துப் போனார். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் பால்கனியில் இருந்தது.

'ஸ்ஸ்ஸ்' என்று பெயின்ட் கிளம்பியது. கொள்ளிடத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பச்சைப் பனி மாதிரி ஒரு மூட்டம் கம்பியைவிட்டுக் கழன்று, நிதானமாக ஆனந்தவள்ளி அம்மாளின் காரைத் தாண்டி, ரெங்கராஜின் பஞ்சகச்சத்தில் பாதியை நனைத்துவிட்டுத் தெருவோடு போனது. அம்மாளின் காரில் ஒரு புள்ளி இல்லை.

"கிளி!" என்று பெரியண்ணன் தொடையைத் தட்டினார்.

"என்னங்க…" என்று ஜாஸ்லின் ஆசீரின் கையைப் பிடித்தாள். லாரி இருந்த இடம் காலியாக இருந்தது. அதற்கு அப்பால் மச்சானின் கார் நின்றது. பங்குச்சாமியார் தெளித்த தீர்த்தம்கூடத் தங்காத அந்த வெள்ளைக் கூரைமேல் பச்சை மூட்டம் பொறுமையாக இறங்கிக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் அந்தக் காரைப் பார்த்தார், வேப்பமரத்தைப் பார்த்தார், மரத்தில் ஒரு கிளியும் இல்லாததைப் பார்த்தார்.

"சரி," என்றார் கடைசியில். "என் பெயின்ட்தான்."

ஆனந்தவள்ளி அம்மாள் ஜெயித்ததைக் கொண்டாட நிற்கவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவர் அவர்தான். "காயறதுக்குள்ள வாங்கோ! எல்லாரும் வாங்கோ!"

ஆசீருக்கு என்னவோ ஆகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினான். "ஈரத்துணிய வெச்சு ஒத்தி எடுங்க, இழுக்காதீங்க!" என்றான். "சார், மாலையக் கழட்டிட்டு வாங்க, கீறல் விழும்! பெரியண்ணன், வட்டமாத் தேய்க்கக் கூடாது, நேரா!" ரெங்கராஜை அவன் அதட்டியது அதுதான் முதல் தடவை. ரெங்கராஜ் மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இந்தக் கதவு நான் பாத்துக்கறேன் ஆசீர்" என்றார். ஆசீர் களிமண் கட்டியை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக் கொடுத்தான். பெரியண்ணனும் ஆனந்தவள்ளி அம்மாளும் பானெட்டின் இரண்டு பக்கமும் நின்று வழுக்கினார்கள். நடுவில் எங்கேயோ அம்மாள் தனக்கு எட்டாத ஒரு புள்ளியைக் காட்ட, பெரியண்ணன் எட்டி எடுத்தார்.

இருட்டுவதற்குள் கார் சுத்தமாகிவிட்டது. பூவன் தாரைப் பின்சீட்டில் வைக்க ஆசீர் ஒப்புக்கொள்ளவில்லை. கறை படுமாம். மடியில் வைத்துக்கொண்டு ஜாஸ்லின் வந்தாள்.

தென்னூரில் அடைக்கலராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"மாப்ள, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே மச்சான்."

"நான் குடுத்தப்ப இவ்வளவு பளபளப்பு இல்லையே. எதுல கொண்டுபோய் இடிச்சீங்க? எந்தப் பட்டறையில பெயின்ட் அடிச்சீங்க?"

ஆசீர் உண்மையைச் சொன்னான். வேப்பமரம், கிளி, மாலையோடு வந்த தலைவர், பச்சை மூட்டம், ஒன்றுவிடாமல் சொன்னான். அடைக்கலராஜ் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தங்கையைப் பார்த்து, "இவர் ஏதோ மறைக்கிறாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறைப்பது என்ன என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நண்பர்களிடம் சொன்னார்: மாப்பிள்ளை ஆபீஸ் வேலையோடு ஸ்ரீரங்கத்தில் ரகசியமாகக் கார் பாலிஷ் தொழில் செய்கிறார், வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார், ஆனால் கை அப்படியொரு கை.

அன்று ஆசீர் பூசையிலிருந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே கார்கள் வரிசையாக நின்றன. முதல் காரிலிருந்து பங்குச்சாமியார் இறங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு ஜாஸ்லின்" என்று ஆசீர் கெஞ்சினான்.

அவள் சாமியாரின் காரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "பானெட் முழுக்க ரோட்டுத் தார் புள்ளிங்க" என்றாள். பிறகு உள்ளே போய் வாளியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.